ஒற்றையா, இரட்டையா?

தமிழ்நாட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்து வாயிலை மிதிப்பதற்கு முன்பே, ஆசிரியரும் புத்தகமும் இல்லாமல், திண்ணையிலும் மரத்தடியிலும் தாமாகவே கற்றுத் தேர்ந்த கணக்கு ஒன்று ‘ஒத்தையா, ரெட்டையா’ என்னும் விளையாட்டுக்குள் அடங்கியிருந்தது. ஒருத்தி புளியங்கொட்டைக் குவியலுக்குள் கையை விட்டு அள்ளி, விரல்களை இறுக மூடிக்கொண்டு, எதிரே சம்மணமிட்டிருப்பவளிடம் ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று கேட்பாள். மற்றவள் மனத்துக்குத் தோன்றியதைச் சொன்னதும் மூடிய கை திறக்கும். கொட்டைகள் தரையில் இரண்டிரண்டாக ஒதுக்கப்படும். முடிவில் ஒன்று தனித்து நின்றால் ஒற்றை, எதுவும் மிஞ்சாவிட்டால் இரட்டை. சொன்ன சொல் பலித்தால் கையிலிருந்தது முழுவதும் சொன்னவளுக்கு. பலிக்காவிட்டால் அவள் தன்னிடமிருந்து கொடுக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விசேஷம், மொத்தம் எத்தனை கொட்டை என்று தெரிந்துகொள்ளாமலே ஆட்டத்தின் முடிவைத் தீர்த்துவிடலாம் என்பதாகும். நூறுவரை எண்ணத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகூடக் கைநிறைய உள்ள கொட்டைகளை இணை சேர்த்து, ஒற்றையென்றும் இரட்டையென்றும் பிழையின்றித் தீர்ப்புச் சொல்லிவிடும். எண்ணுதல் வேறு, இணைசேர்த்தல் வேறு. பின்னது முன்னதைவிட எளியது, ஒருவேளை பழமையானதும்கூட. கிரேக்க தேசத்துப் பிளேட்டோ தம்முடைய ‘லைசிஸ்’ என்னும் உரையாடலில், உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையொன்றில் சிறுவர்கள் கூடைகளிலிருந்து கணுக்கால் எலும்புக் காய்களை எடுத்து இதே ஒற்றை இரட்டை ஆடுவதைக் காட்டுகிறார். ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளைகளின் கையில் இருந்த ஆட்டமே நம் பிள்ளைகளின் கையிலும் இருந்திருக்கிறது.

ஆட்டத்தை விட்டுச் சொல்லுக்கு வருவோம். ஒன்று என்பதிலிருந்து ஒற்றையும், இரண்டு என்பதிலிருந்து இரட்டையும் பிறந்தவை என்பது எவருக்கும் வெளிப்படை. ஆனால் அவை பிறந்த முறை தமிழுக்கே உரிய அழகுடையது. ‘ன்ற்’ என்றும் ‘ண்ட்’ என்றும் மெல்லினமும் வல்லினமும் அடுத்து நிற்கும் இடத்தில் மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறி ‘ற்ற்’ என்றும் ‘ட்ட்’ என்றும் இறுகிக்கொள்ள, இறுதியில் ஐகாரம் வந்து சேர்கிறது. இன்று இற்றையாகி ‘இற்றைநாள்’ என்று வழங்குவதும், அன்று அற்றையாகி ‘அற்றைநாள்’ என்று வழங்குவதும் இதே விதியால் ஆனவை. மருந்தைக் கொண்ட பை மருத்துப்பை ஆவதிலும், இரும்பால் ஆன பாதை இருப்புப்பாதை ஆவதிலும் இவ்விதியின் முற்பாதியைக் காணலாம். ஆகவே ஒன்று என்பது எண்ணின் பெயராக நிற்க, ஒற்றை என்பது அந்த எண்ணின் தன்மையைப் பெற்ற பொருளின் பெயராக நிற்கிறது. ஒற்றையடிப் பாதை, ஒற்றைமாட்டு வண்டி, ஒற்றைத் தலைவலி என்னும் வழக்குகளில் எல்லாம், இரண்டாக இருக்கக்கூடியதோ இருக்க வேண்டியதோ ஒன்றாக இருக்கிறது என்ற குறிப்பு உள்ளே கிடப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஒரு மாட்டு வண்டி’ என்று சொன்னால் வண்டி ஒன்று. ‘ஒற்றைமாட்டு வண்டி’ என்று சொன்னாலோ, பக்கத்தில் இருக்கக்கூடிய மற்றொரு மாடு இல்லை. இணையில்லாமையே ஒற்றையின் உயிர்.

இரட்டை என்னும் சொல்லும் பழமையில் குறைந்ததன்று. தொல்காப்பியரே ‘இரட்டைக்கிளவி’ என்று ஓர் இலக்கணப் பெயரைக் கையாளுகிறார். சலசல, கலகல என்றாற்போல இரண்டாகவே வந்து, பிரித்தால் பொருள் தராத சொற்களுக்கு அது பெயர். இலக்கணத்தின் இரட்டை பிரியாது. கணக்கின் இரட்டையோ சரிபாதியாகப் பிரிந்துகொடுப்பதையே தன் இலட்சணமாகக் கொண்டது. ஒரே சொல் இரண்டு சாஸ்திரங்களில் இப்படி எதிர்எதிரான குணங்களோடு வாழ்வது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

பேச்சில் ஒற்றை ஒத்தையாகவும், இரட்டை ரெட்டையாகவும் திரிவது, காற்று காத்தாகவும் இரண்டு ரெண்டாகவும் திரிவதைப் போன்றதே. யாழ்ப்பாணத்தார் வாயிலோ றகர இரட்டிப்பு தகரமாகத் திரியாமல், நுனிநா அண்பல்லுக்குச் சற்று மேலே தொட்டு எழும் பழைய ஒலியோடு இன்றும் கேட்கிறது. மலையாளத்தாரும் அவ்வாறே ஒலிக்கின்றனர். நியூ ஜெர்சியின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மதுரைக்காரர் மகனும் யாழ்ப்பாணத்தார் மகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து இந்த ஆட்டத்தை ஆடும்போது, ஒரே சொல்லின் இரண்டு பருவங்களை ஒரே பலகையில் கேட்கும் பாக்கியம் ஆசிரியருக்குக் கிடைக்கிறது.

இனி, ‘படை’. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நாம் வழங்கும்போது அந்தப் படை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பிறந்த குழந்தை, ராஜராஜ சோழன் கதையில் யானைப்படையையும் குதிரைப்படையையும் அறிந்திருப்பதால், ‘ஏழு எப்படி ஒரு படை ஆகும்?’ என்று கேட்கிறது. கேள்வி முற்றிலும் நியாயமானது. படு என்னும் வினையடியாகப் பிறந்த படை, சேனையையும் ஆயுதத்தையும் மட்டுமன்றி, ஒன்றன்மேல் ஒன்றாகவோ ஒன்றையடுத்து ஒன்றாகவோ படுக்கவைத்த அடுக்கையும் குறிக்கும். கொட்டைகளை இரண்டிரண்டாகப் படுக்கவைத்துக்கொண்டே போனால் உண்டாகும் அடுக்கு, முடிவில் ஒற்றையோடு நின்றால் ஒற்றைப்படை, இரட்டையோடு நின்றால் இரட்டைப்படை என்று கொள்வதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். இவ்வாறு கொண்டால், ‘ஏழு என்பது ஏழல்லவா, அதை ஒற்றை என்பானேன்?’ என்று குழந்தைக்கு எழும் இயல்பான மயக்கமும் தீர்ந்துவிடுகிறது: ஏழு ஒற்றை அன்று, ஏழின் அடுக்கு ஒற்றையில் முடிகிறது. பாடநூல்கள் சில ‘ஒற்றை எண், இரட்டை எண்’ என்று சுருக்கிச் சொல்கின்றன, பிழையில்லை. ஆயினும் முதன்முதலாகக் கற்பிக்கும் இடத்தில், செய்கையையே சொல்லாகக் காட்டும் படையை விட்டுவிடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் செய்கையைத்தான் அமெரிக்கப் பள்ளிகளும் இன்று வற்புறுத்துகின்றன. 2010-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரங்களில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 20 வரையிலான பொருள்களை இணை சேர்த்தோ, இரண்டிரண்டாக எண்ணியோ ஒற்றையா இரட்டையா என்று அறிய வேண்டும் என்றும், இரட்டைப்படை எண் எதையும் இரு சம எண்களின் கூட்டுத்தொகையாக எழுதிக் காட்ட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. அந்த ஏற்பாட்டில் சேராமல் தனக்கெனத் தனிப் பாடத்திட்டம் வகுத்துக்கொண்ட டெக்சஸ் மாநிலம், அதே இரண்டாம் வகுப்பில் எல்லையை 40 வரை நீட்டியிருக்கிறது; அங்கும் வழி பொருள்களை இணை சேர்ப்பதுதான். ‘0, 2, 4, 6, 8 என்று முடிந்தால் இரட்டை’ என்று கடைசி இலக்கத்தைப் பார்த்துச் சொல்லும் வாய்பாட்டுக்கு இவை முதலிடம் கொடுக்கவில்லை என்பது மிகவும் பாராட்டத்தக்கது. அந்த வாய்பாடு உண்மையே. ஆனால் அது பத்தின் அடுக்குகளாக எண்களை எழுதும் நம் எழுத்துமுறையின் விளைவேயன்றி, ஒற்றை இரட்டைகளின் சொரூபம் அன்று. பத்து ஓர் இரட்டைப்படை எண்ணாக இருப்பதனால்தான் கடைசி இலக்கம் மட்டும் நமக்குப் போதுமானதாகிறது.

மேற்சொன்ன பாடத்தரத்தின் இரு கூறுகளும், அதாவது இணைசேர்த்தலும் இரு சம பாகங்களாகக் காண்பதும், தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இரட்டை என்றால் இணை. இரட்டி என்றால் இருமடங்கு. இரட்டித்தல் என்றால் உள்ளதை அதே அளவால் பெருக்கிக்கொள்ளுதல். ஏழை இரட்டித்தால் பதினான்கு. ஆகவே பதினான்கு இரட்டை. இரண்டு பேர் கொண்ட ஏழு வரிசையும், ஏழு பேர் கொண்ட இரண்டு வரிசையும் ஒரே கூட்டம்தான் என்பதைக் குழந்தை தன் கண்ணால் கண்டுகொள்ளும் அந்தக் கணத்தில், இணை என்னும் கருத்தும் பாதி என்னும் கருத்தும் ஒன்றாகிவிடுகின்றன. கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிடு, தம் நூலின் ஏழாம் புத்தகத்தில் இரட்டைப்படை எண்ணுக்கு இரு சம பாகமாகப் பிரிவது என்றே இலக்கணம் வகுத்தார். ஒற்றைப்படையை அதிலிருந்து ஓர் அலகால் வேறுபடுவது என்றும் கூறினார்.

உலகத்து மொழிகள் இந்த இரு வகை எண்களுக்கும் பெயரிட்டிருக்கும் முறையைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மார்க்கங்கள் புலனாகின்றன. ஆங்கிலத்தின் ‘ஈவன்’ மட்டமானது, மேடுபள்ளமற்றது என்னும் பொருளிலிருந்து வந்தது. வடமொழியின் சமம், விஷமம் என்ற சொற்களும், தெலுங்கின் சரி, பேசி என்ற சொற்களும், கன்னடத்தின் சம, பெச என்ற சொற்களும் அந்த மார்க்கத்தவையே. தமிழும் மலையாளமும் இணையின் மார்க்கத்தைப் பற்றிக்கொண்டன. வடமொழியில் இந்த மார்க்கமும் இல்லாமற் போகவில்லை. இரட்டைக்கு ‘யுக்மம்’ என்றும் ஒற்றைக்கு ‘ஓஜம்’ என்றும் அதில் பெயருண்டு. நம் சோதிடர்கள் மேஷம், மிதுனம் முதலியவற்றை ஓஜ ராசிகளென்றும், ரிஷபம், கடகம் முதலியவற்றை யுக்ம ராசிகளென்றும் சொல்வது அதைக்கொண்டுதான். டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் நம் பிள்ளைகளின் பக்கத்து நாற்காலியில் அமரும் ஸ்பானிய மொழிப் பிள்ளைகள் ‘பார்’, ‘இம்பார்’ என்பார்கள். சமம் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்த ‘பார்’ இன்று ஸ்பானியத்தில் இணையையும் குறிப்பதால், அம்மொழி இரண்டு மார்க்கங்களிலும் கால் வைத்து நிற்கிறது எனலாம்.

ஆங்கிலத்தின் ‘ஆட்’ என்ற சொல்லுக்கு வேறொரு கதை உண்டு. வடகடல் நாட்டாரின் பழைய நார்ஸ் மொழியில் முக்கோணமாக நீண்டிருக்கும் நிலமுனைக்கு ‘ஒட்டி’ என்று பெயர். முக்கோணத்தின் மூன்றாம் முனையிலிருந்து மூன்றாமவன் என்ற கருத்தும், இரு கட்சியும் சமமாக நிற்கையில் தன் வாக்கால் வழக்கைத் தீர்த்துவைக்கும் மனிதன் என்ற கருத்தும், பின் இணையில்லா எண் என்ற கருத்தும் கிளைத்தன. விசித்திரமானது, பொருந்தாதது என்னும் பொருள் ஆங்கிலத்தில் பிற்காலத்தில் ஏறியது. அந்தப் பொருளை முதலில் அறிந்துகொண்ட குழந்தைக்கு, 7-உம் 9-உம் ஏதோ குறையுடைய எண்கள் என்ற எண்ணம் படிந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்த மூன்றாம் மனிதனின் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, நம் நவராத்திரிக் கொலுவையும் காட்ட வேண்டும்.

ஏனெனில் நம் சம்பிரதாயத்தில் ஒற்றைப்படைக்கு மரியாதை மிகுதி. கொலுப்படிகள் 3, 5, 7, 9 என்றே கட்டப்படுகின்றன. கோபுரத்தின் கலசங்களும் ஒற்றைப்படையாகவே நாட்டப்படுகின்றன. திருவரங்கத்து இராஜகோபுரம் பதின்மூன்று நிலையுடையது. மொய் எழுதுகிறவர் நூறு ரூபாயோடு ஒரு ரூபாயைச் சேர்த்து நூற்றொன்றாக்கித்தான் எழுதுவார். ஆனால் தாம்பூலத் தட்டில் மட்டும் வெற்றிலையும் பழமும் இரட்டையாக இருக்க வேண்டும். ஒற்றை வாழைப்பழத்தை எந்தப் பாட்டியும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். நியூ ஜெர்சியின் எடிசன் நகரத்து வீட்டிலோ கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரத்து வீட்டிலோ கொலு வைக்கும்போது படிகளைக் கட்டும் வேலையையும், வருகிற சுமங்கலிகளுக்குத் தாம்பூலப் பையை நிரப்பும் வேலையையும் குழந்தைகளிடம் ஒப்படைத்துவிட்டால், அவ்வாண்டுக்கான பாடம் வீட்டிலேயே முடிந்துவிடும்.

அமெரிக்க நாட்டின் வீதிகளும் இப்பாடத்துக்குப் பெருந்துணை செய்கின்றன. நியூ ஜெர்சிக்கு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பிலடெல்பியா நகரத்தில், 1790-ஐ ஒட்டி, கிளமென்ட் பிடில் என்பவர் வீதியின் ஒரு பக்கத்து வீடுகளுக்கு ஒற்றைப்படை எண்களும் எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு இரட்டைப்படை எண்களும் இட்டார். அந்த முறை நாடெங்கும் பரவியது. தன் வீட்டின் எண்ணை அறிந்த குழந்தையிடம், எதிர்வீட்டு எண் ஒற்றையா இரட்டையா என்று கேட்டால் போதும். வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளிலும் ஒரு நியதி உண்டு: வடக்கு தெற்காக ஓடுபவை ஒற்றைப்படை, கிழக்கு மேற்காக ஓடுபவை இரட்டைப்படை. டெக்சஸில் டாலஸையும் ஹூஸ்டனையும் இணைக்கும் 45-உம், ஆஸ்டின் வழியே ஓடும் 35-உம் முன்னதற்குச் சான்று. ஹூஸ்டனைக் குறுக்கே கடக்கும் 10 பின்னதற்குச் சான்று. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கும் 80 ஏறத்தாழ 2,900 மைல் கிழக்கே ஓடி, நியூ ஜெர்சியின் டீனெக் என்னும் ஊரில் முடிகிறது. ஆக, இந்நாட்டுத் தமிழர் மிகுதியாக வாழும் இரு கரைகளையும் இணைப்பது ஓர் இரட்டைப்படை எண். ‘அப்படியானால் எங்கள் ஊரில் 680 ஏன் வடக்கு நோக்கிப் போகிறது?’ என்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கூரிய புத்தியுள்ள பிள்ளை உடனே கேட்கும். மூன்று இலக்கச் சாலைகள் தாய்ச்சாலையின் கிளைகளாதலால் திசை விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது என்பதே விடை.

இதே பாகுபாடு ஆபத்துக் காலத்தில் நீதி வழங்கவும் பயன்பட்டிருக்கிறது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூ ஜெர்சியைத் தாக்கிப் பெட்ரோலுக்கு முடை உண்டானபோது, நவம்பர் 3 முதல், எடிசன் அடங்கிய மிடில்செக்ஸ் உட்பட 12 மாவட்டங்களில், வண்டிப் பலகையின் கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைப்படைத் தேதியிலும் இரட்டையானால் இரட்டைப்படைத் தேதியிலும் மட்டுமே பெட்ரோல் பெறலாம் என்று ஆளுநர் ஆணையிட்டார். 1979-ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டில் கலிபோர்னியாவும் இம்முறையைக் கையாண்டதுண்டு. நியூ ஜெர்சி ஆணையில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு: எண்ணே இல்லாமல் எழுத்துகள் மட்டும் உடைய பலகைகள் ஒற்றைப்படையாகக் கருதப்பட்டன. எண் இல்லாமை வேறு, பூஜ்யம் வேறு. 0 என்று முடியும் பலகை இரட்டைப்படையே. குழந்தைகள் பூஜ்யத்தைக் கண்டு தயங்குவது எங்கும் உள்ளது. வெறுங்கையை மூடிக்கொண்டு ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று கேட்டுவிட்டுத் திறந்து காட்டி, ‘தனித்து நிற்பது ஏதாவது உண்டா?’ என்று வினவினால், இல்லை என்ற பதிலோடு இரட்டை என்ற தீர்ப்பும் தானே வரும்.

அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் புளி பெரும்பாலும் கொட்டை நீக்கிய புளியாதலால், வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள் ராஜ்மா விதைகளையும் பல்லாங்குழிச் சோழிகளையும் கொண்டு இவ்வாட்டத்தை நடத்துகிறார்கள். அத்தகைய வகுப்பொன்றில், இரு சிறுமியர் தத்தம் விதைகளை அடுக்கி முடித்து, இருவருக்கும் ஒற்றை என்று கண்டு, இரு குவியலையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஆசிரியை கேட்டபோது, எண்ணத் தொடங்காமல், தனித்து நின்ற தன் விதையைத் தோழியின் தனி விதைக்குப் பக்கத்தில் ஒருத்தி நகர்த்தி வைத்ததை நான் பார்த்தேன். ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை என்பதற்கு இதனினும் முழுமையான நிரூபணம் கணித சாஸ்திரத்தில் இல்லை. அது அந்த எண்களுக்கு மட்டுமன்றி எந்த எண்ணுக்கும் பொருந்தும் என்பதை அவள் விளக்கச் சொன்னால் விளக்கமாட்டாள். ஆனால் அவள் விரல் அறிந்திருந்தது.

பிறகு அவளே விதைகளை மும்மூன்றாக அடுக்கத் தொடங்கினாள். சில சமயம் ஒன்றும் மிஞ்சவில்லை, சில சமயம் ஒன்று மிஞ்சியது, சில சமயம் இரண்டு. ‘இதுக்கெல்லாம் என்ன பேரு, டீச்சர்?’ என்றாள். ஒன்று ஒற்றையாயிற்று, இரண்டு இரட்டையாயிற்று. அந்த விதிக்கு ஏற்ற மெய்யெழுத்துகள் மூன்று என்னும் சொல்லுக்குள்ளும் இருக்கின்றன, ஆயினும் தமிழ் அதிலிருந்து ‘மூற்றை’ என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ளவில்லை. ஆசிரியை அதை மறைக்காமல், பெயர் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, 1 முதல் 20 வரை உள்ள எண்களை எந்தெந்தக் கட்டத்தில் எழுதலாம் என்று பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினார்.